ஏறிய இடம்

லூர்துராணிக்குத் திருச்சி பாலக்கரையில் வேன் அக்கா என்று ஒரு பட்டப்பெயர். அவளிடம் வேனும் கிடையாது, வேன் ஓட்டவும் தெரியாது. போன வருடம் வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை போன குழுவில் அவளும் போனாள். அம்மாப்பேட்டையில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். சாமான் ஏற்றிப்போகும் வேனில் அவளையும் தூக்கி வைத்தார்கள். நீடாமங்கலத்தில் இறங்கி, கால் சரியாகி, மிச்சத் தூரம் முழுக்க நடந்தேதான் போய்ச் சேர்ந்தாள். ஆனால் நடந்ததை யார் பேசப் போகிறார்கள்? காந்தி மார்க்கெட்டில் தக்காளி வாங்கப் போனால்கூட, "என்ன வேன் அக்கா, நடந்தா வந்தீங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஓர் ஆள் இருந்தது.

சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவள் அவள்; பிள்ளைகள் வைக்காத பெயரா? அவளை அரித்துக்கொண்டிருந்தது வேறு. மகள் டெல்பினுக்கு ஏழாம் மாதமே பிரசவமாகி, குழந்தையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, "புள்ள உசுரோட வீட்டுக்கு வரட்டும் தாயே, பாலக்கரையிலேர்ந்து நடந்தே வந்து உன் மொகத்தப் பாக்குறேன்" என்று வேளாங்கண்ணி மாதாவிடம் வேண்டிக்கொண்டாள் லூர்துராணி. பிள்ளை வந்தான். ஆசீர் என்று பெயர் வைத்தார்கள். இப்போது வீடு முழுக்க ஓடுகிறான், டி.வி. ரிமோட்டைத் தண்ணீர் வாளியில் போடுகிறான். ஆனாலும் அவனுக்கு லேசாக உடம்பு சுட்டால் போதும், லூர்துராணி பயந்துபோய் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவாள். நடந்தே வருகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, வேனில் போனவளாயிற்றே அவள். பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டாள். "மாதாவுக்கு எல்லாம் தெரியும்மா, மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க" என்றார் அவர். மாதாவுக்கு எல்லாம் தெரியும், சரி. அதுதானே பயமே!

அதனால் இந்த வருடம் ஓரடிகூட விடாமல் நடந்துவிட வேண்டும் என்று இருந்தாள். ஆனால் அதை முடிவு செய்யும் இடத்தில் உட்கார்ந்திருந்தவன் இன்னாசிராஜ். அவன்தான் குழுத் தலைவன். லால்குடிக்காரன், பாலக்கரையில் பெண் எடுத்து, பாலக்கரையிலேயே எலெக்ட்ரிக் சாமான் கடை போட்டு, அந்த ஊர்க்காரர்களைவிட அதிகமாக அந்த ஊரை அதட்டிக்கொண்டிருப்பவன். தங்கமான மனசு. ஆனால் கழுத்தில் விசில் மாட்டிவிட்டால் ஆளே மாறிவிடுவான். இந்த வருடம் அவன் புதிதாக ஒரு ட்ரையல் வைத்தான். ஆடிப்பெருக்கு முடிந்த கையோடு வந்த சனிக்கிழமை, முக்கொம்பிலிருந்து கல்லணை வரைக்கும் ஒரே நாளில் நடை.

"ரூலு ஒண்ணே ஒண்ணுதான்" என்றான் அன்று விடியற்காலை முக்கொம்பில், எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து. "இன்னைக்கு யார் எந்த வண்டியில கால வெச்சாலும் சரி, வேளாங்கண்ணிக்கு அவங்க சாமான் வேன்லதான். சமையலப் பாத்துக்கிட்டு வரலாம். யாரா இருந்தாலும் அவ்வளவுதான்."

அவன் வானத்தைப் பார்த்துத்தான் சொன்னான். மற்ற எல்லோரும் லூர்துராணியைப் பார்த்தார்கள்.

"சொல்றான் பாருங்க, கலெக்டர் கணக்கா" என்று அவள் காதருகே முணுமுணுத்தாள் ஷரீபா. ஷரீபாவுக்கும் வேளாங்கண்ணிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. லூர்துராணிக்குப் பக்கத்து வீடு, அவ்வளவுதான். சர்க்கரை கூடிப்போய், தினமும் நடந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டதிலிருந்து காலையில் இரண்டு பேரும் சேர்ந்துதான் நடப்பார்கள். மகன் ஹாலித் துபாயிலிருந்து அனுப்பிய வெள்ளை ஷூவைப் புர்காவுக்குக் கீழே மாட்டிக்கொண்டு, கல்லணையைப் பார்த்து வருஷக்கணக்காகிறது என்று சொல்லி, துணைக்குக் கிளம்பி வந்துவிட்டாள்.

முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. தெற்கே போவது காவேரி, வடக்கே போவது கொள்ளிடம். நடுவில் தீவாகக் கிடப்பது ஸ்ரீரங்கம். கிழக்கே கல்லணையில் இரண்டும் மறுபடி பக்கத்தில் வந்து, பிறகு வேறு வேறு வழியில் போய்விடும். மேட்டூரில் திறந்த தண்ணீர் காவேரியில் கரைதொட்டு ஓடிக்கொண்டிருந்தது. கொள்ளிடத்தில் வழக்கம்போல மணல். காவேரிக் கரையைப் பிடித்து அவர்கள் மேலூர் வழியாக ஸ்ரீரங்கத்தை நோக்கி நடந்தார்கள். இன்னாசிராஜ் முன்னால் விசிலோடு போனான். லூர்துராணியும் ஷரீபாவும் கடைசி.

கால் நன்றாகத்தான் இருந்தது. கெண்டைக்காலில் முதல் நாளே தைலம் தேய்த்து, இழுத்துக் கட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தாள். வாழைத்தோப்புகளுக்கு நடுவே வெயில் ஏறாத நேரம், காற்று சில்லென்று வந்தது. ஷரீபா தன் நாத்தனார் கமர் ஜஹான் வீட்டுக் கல்யாணப் பஞ்சாயத்தை முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தாள். பெண் வீட்டார் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்த கதையும், அதில் எதுவுமே பிடிக்கவில்லை என்று கமர் ஜஹான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்ட கதையும் முடிவதற்குள் ராஜகோபுரம் தெரிந்துவிட்டது. முன்னால் போன ஒருவன் திரும்பி, "வேன் அக்கா இன்னும் வராங்கடா!" என்று கத்தினான். "ஏன், ஒனக்கு எதுவும் எடம் புடிச்சு வெக்கணுமா?" என்று இவளும் கத்தினாள். மனசு லேசாக இருந்தது.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் படித்துறைக்குப் பக்கத்தில் பெனடிக்ட் வேனை நிறுத்திக்கொண்டு இட்லி கொடுத்தான். அவன்தான் வேன் டிரைவர், சப்ளை, எல்லாம். ஷரீபா சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒன்றரை இட்லியோடு கையைக் கழுவிவிட்டாள்.

"இன்னும் ரெண்டு வெச்சுக்க. நடக்கணும்ல" என்றாள் லூர்துராணி.

"மத்தியானம் பிரியாணியாம்க்கா. பெனடிக்ட் சொன்னான். வயித்துல கொஞ்சம் எடம் வேணாமா?"

அதற்குப் பிறகு இரண்டு பேரும் கழிப்பறையைத் தேடிப் போனார்கள். தர்ப்பணம் கொடுக்க வந்த கூட்டத்தில் அங்கே நீள வரிசை. குழு கிளம்புகிற அவசரத்தில் இன்னாசிராஜ் தூரத்திலிருந்தே கையை ஆட்டிச் சொன்னான்: "அக்கா, நாங்க மெதுவா முன்னாடி போறோம். நீங்க ஆத்தோரமாவே நேரா வாங்க. ஆத்த விட்டு மட்டும் வெலகிடாதீங்க. சாப்பாட்டு வேன் ஆத்தோரமாதான் நிக்கும்."

சரி என்று இவளும் கையை ஆட்டினாள். இதில் சந்தேகம் கேட்க என்ன இருக்கிறது? வெளியே வந்து பார்த்தபோது குழு கண்ணில் படவில்லை. எதிரே படிக்கட்டுக்குக் கீழே காவேரி நுரைத்துக்கொண்டு போனது. அதை வலது கையில் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்கள். திருவானைக்கோவில் தாண்டி, ஹைவேக்குக் கீழே நுழைந்து, கல்லணை ரோட்டைப் பிடித்தார்கள்.

வெயில் ஏறிவிட்டது. பைக்கில் கல்லணைக்குச் சுற்றுலா போகும் பையன்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போனார்கள். திருவளர்சோலை வந்தது. வேன் இல்லை. "இன்னும் கொஞ்சம் தள்ளி நிக்கும்" என்றாள் லூர்துராணி. பனையபுரம் வந்தது. அங்கேயும் இல்லை. பசிக்கிறது என்று ஷரீபா சொல்லவில்லை. ஆனால் கமர் ஜஹான் கதையை அவள் பாதியில் விட்டு வெகுநேரமாகியிருந்தது. கடைசியில் ஒரு புளியமரத்தடியில் நின்று லூர்துராணி போன் போட்டாள்.

"இன்னாசி, எங்கப்பா இருக்கீங்க? வேனையே காணோம்."

"ஆத்தோரமாதான்க்கா. சாப்பாடு எடுத்து வெச்சாச்சு. எல்லாரும் ஒங்களுக்காகத்தான் வெயிட்டிங். நீங்க எங்க?"

"நாங்களும் ஆத்தோரமாதான் இருக்கோம்."

"இல்லையே. பின்னாடி எவ்வளவு தூரத்துக்கும் ஆளே தெரியலையே." கொஞ்சம் தயங்கிவிட்டு அவன் கேட்டான்: "பஸ்ல கிஸ்ல ஏறிட்டீங்களாக்கா?"

லூர்துராணிக்குச் சுருக்கென்று தைத்தது. "ஏன், ஏறினா ஒனக்கு வசதியா இருக்குமா? ஆறு இதோ என் வலது கைப் பக்கம் ஓடுது. வேணும்னா சத்தத்தக் கேக்குறியா?"

அவன் மெதுவாகக் கேட்டான்: "வலது கைப் பக்கமா? ஓடுதா?"

"பின்ன, நிக்குமா?"

"அக்கா... எனக்கு எடது கைப் பக்கம் இருக்கு. வெறும் மணலு."

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் புரிந்துகொண்டார்கள். கல்லணை ரோட்டில் வண்டித் தொல்லை என்று, ஸ்ரீரங்கத்திலிருந்து வடக்கே திரும்பி, கொள்ளிடக் கரையில் குழுவை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறான் மகராசன்.

"கொள்ளிடம்னா கொள்ளிடம்னு வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னப்பா கேடு? ஆறுன்னா காவேரி. திருச்சில பச்சப்புள்ளையக் கேட்டாலும் சொல்லுமே!"

"எங்க ஊர்ல காவேரின்னா காவேரின்னுதான்க்கா சொல்லுவோம். ஆறுன்னா கொள்ளிடம்தான். பொறந்ததுலேர்ந்து அப்படியே வாய்ல வந்துடுச்சு."

"தண்ணியே ஓடாததுக்குப் பேரு ஆறா?"

"ஓடலேன்னாலும் அது எங்க ஆறுக்கா" என்றான் அவன், ரோஷமாக. பிறகு குரல் இறங்கிவிட்டது. "தப்புதான். அங்கேயே நெழல்ல நில்லுங்க. பெனடிக்ட வேனோட அனுப்புறேன், சுத்திக்கிட்டு வந்துடுவான்."

வேன் என்ற சொல்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. அது வந்து எதிரே நிற்பதையும், அதன் பக்கத்தில் தான் நிற்பதை யாராவது பார்த்துவிட்டுப் போய்ப் பாலக்கரை முழுக்கச் சொல்வதையும் நினைத்த மாத்திரத்தில் லூர்துராணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "வேனும் வேணாம், ஒண்ணும் வேணாம். சாப்பாட்டக் கல்லணைலயே வெச்சுரு. நாங்க இப்படியே நடந்து வந்துடறோம்" என்று போனை வைத்துவிட்டாள். ஷரீபாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஷரீபா ஷூவைக் குனிந்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

உத்தமர்சீலியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்பார்கள். "அக்கா, கையெல்லாம் நடுங்குது" என்றாள் ஷரீபா. திரும்பிப் பார்த்தால் நெற்றி முழுக்க வேர்வை, உதடு வெளுத்திருந்தது. லூர்துராணி கையைப் பிடிப்பதற்குள் அவள் ரோட்டோரத்தில் முழங்கால் மடிந்து உட்கார்ந்துவிட்டாள். "யா அல்லாஹ்" என்று சொன்னதுகூட குழறலாகத்தான் வந்தது.

சர்க்கரை இறங்கிவிட்டது. மாத்திரை போட்டுக்கொண்டு ஒன்றரை இட்லி தின்றவள். இந்த வெயிலில் இத்தனை தூரம் நடந்தவள். வேனை அனுப்புகிறேன் என்று இன்னாசிராஜ் சொன்னபோது வேண்டாம் என்றது யார்? அட பாவி, அட பாவி என்று லூர்துராணி தன்னையே திட்டிக்கொண்டு, எதிரே தெரிந்த டீக்கடையைப் பார்த்துக் கத்தினாள். கடைக்காரம்மா பாப்பாயி ஒரு கேள்வியும் கேட்காமல் ஒரு பிடி சர்க்கரையை டம்ளரில் போட்டு, அதில் வெந்நீரை விட்டுக் கலக்கிக் கொண்டு ஓடிவந்தாள். இரண்டு பேருமாகப் பிடித்துக்கொண்டு மடக்கு மடக்காகக் குடிக்கவைத்தார்கள். பிறகு இரண்டு பூவன் பழம். ஷரீபாவின் கண் தெளிந்து, "என்னாச்சு?" என்று கேட்ட பிறகுதான் லூர்துராணிக்கு மூச்சு வந்தது.

"இப்ப ஒண்ணுமில்லக்கா. சரியாயிடுச்சு" என்றாள் ஷரீபா. எழுந்து நிற்கப் பார்த்தாள். கால் நிற்கவில்லை.

இன்னாசிராஜுக்கு மறுபடி போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். அவன் பதறிப்போய், வேனை எடுக்கிறோம், எப்படியும் சுற்றிக்கொண்டு வர நேரமாகும் என்றான். அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து கல்லணை போகும் டவுன் பஸ் திருப்பத்தில் வந்துவிட்டது. பாப்பாயி நடுரோட்டுக்குப் போய்க் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நான் பஸ்ல போயிடறேன்க்கா" என்றாள் ஷரீபா. "கொஞ்ச தூரம்தானே. கல்லணைல எறங்கி ஒக்காந்துக்கிறேன். நீங்க நடந்து வாங்க. இவ்வளவு தூரம் வந்துட்டு... ஒரு வருஷமாக் கெடந்து தவிச்சது எனக்குத் தெரியாதா?"

சரி, நீ போ என்று சொல்ல லூர்துராணிக்கு வாய் வந்தது. அதை மறைக்க ஒன்றுமில்லை. ஒரு கணம், அந்த ஒரே கணம், அவளுக்கு அது நியாயமாகவே பட்டது. பஸ்ஸில் உட்கார்ந்துதானே போகப்போகிறாள், என்ன ஆகிவிடும்? பிறகு ஷரீபா கம்பியைப் பிடிக்கக் கையை நீட்டினாள். அந்தக் கை நடுங்கிக்கொண்டே போய்க் கம்பிக்குப் பக்கத்தில் வெறும் காற்றைப் பிடித்தது. லூர்துராணி அவள் இடுப்பில் கைகொடுத்து மேலே ஏற்றிவிட்டு, தானும் ஏறினாள்.

கண்டக்டர் பெண்களுக்கான இலவச டிக்கெட்டை இரண்டு கிழித்துக் கொடுத்தான். ஷரீபா தோளில் சாய்ந்துகொண்டாள். வேனைக் கல்லணைக்கே கொண்டுவந்துவிடு என்று லூர்துராணி இன்னாசிராஜுக்குப் போனில் சொன்னாள். கிளிக்கூடு, வாழைத்தோப்பு, செங்கல் சூளை, எல்லாம் ஜன்னலில் ஓடின. நடந்தால் எவ்வளவோ நேரம் ஆகும் தூரத்தை பஸ் நொடியில் தின்றுகொண்டு போனது. லூர்துராணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஷரீபாவுக்குத் தெரியக்கூடாது என்று முகத்தை வெளியே திருப்பிக்கொண்டாள். ஆசீருக்கு இனி ஒரு காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்பது மட்டும்தான் மனசில் ஓடியது.

கல்லணையில் இறங்கி, பூங்கா வாசலில் ஒரு நிழலில் ஷரீபாவை உட்காரவைத்தாள். கொஞ்ச நேரத்தில் வேன் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. பெனடிக்டுக்குப் பக்கத்திலிருந்து குதித்து இறங்கினான் இன்னாசிராஜ். கையில் பிரியாணிப் பொட்டலம், முகத்தில் ஈயாடவில்லை.

"நான் பண்ணின கூத்துதான்க்கா எல்லாம். ஆறுன்னு சொல்லிட்டேன் பாருங்க" என்றான் ஷரீபாவிடம். பிறகு லூர்துராணியிடம் திரும்பினான். "ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல. நீங்க பஸ்ல ஏறினது கணக்குலயே இல்ல. நடந்ததாவே வெச்சுக்குவோம். வேளாங்கண்ணிக்கு நீங்க நடக்குறீங்க, அவ்வளவுதான் பேச்சு."

"தலைவரே, ரூல்படி பாத்தா நீங்களும் வேன்ல கால வெச்சுட்டீங்களே" என்றான் பெனடிக்ட். இன்னாசிராஜ் முறைத்தான்.

ஒரு வருடமாக லூர்துராணி எதிர்பார்த்திருந்தது அவன் சொன்ன அந்தச் சொல்லைத்தான். நீங்க நடக்குறீங்க. கேட்டதும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் வந்த சொல் முள்ளாகக் குத்தியது. வெச்சுக்குவோம்.

"போன வருஷமும் இதையேதான்ப்பா எல்லாரும் சொன்னீங்க" என்றாள். "அம்மாப்பேட்டைலேர்ந்து நடந்ததா வெச்சுக்கங்கக்கான்னு. சாமியாரும் அதையேதான் வேற மாதிரி சொன்னாரு. எல்லாருக்கும் வெச்சுக்க முடியுது. எனக்கு முடியல. நடந்தா நடந்தேன், இல்லேன்னா இல்ல."

"இப்ப அதுக்கு என்னக்கா பண்றது?"

என்ன பண்ணுவது என்று அவளும் யோசித்திருக்கவில்லை. ஆனால் வந்த பஸ் அங்கேயே திரும்பி, சத்திரத்துக்குப் போகத் தயாராக நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்தாள். "ஷரீபா சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் கூடவே இரு. தனியா விட்டுட்டு எங்கயும் போயிடாத" என்றாள் இன்னாசிராஜிடம். "நான் ஏறுன எடம் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

"இந்த வெயில்லயா? சாப்பிட்டாவது போங்கக்கா!"

"நீ குடு, வழில சாப்பிட்டுக்கிறேன்" என்று ஒரு பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு நடந்தாள். ஷரீபா தடுக்கவில்லை. வாயில் சோற்றோடு, போங்க போங்க என்று கையை மட்டும் ஆட்டினாள்.

"இப்பத்தானம்மா எறங்குனீங்க?" என்றான் கண்டக்டர்.

"ஒண்ண விட்டுட்டேன்."

"என்னத்த? பர்ஸா?"

"வழிய" என்றாள். அவன் புரியாமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

பாப்பாயி கடை வாசலில் இறங்கி, அங்கே பெஞ்சிலேயே உட்கார்ந்து பிரியாணியைச் சாப்பிட்டாள். "அந்தம்மா எப்படி இருக்கு?" என்று கேட்டாள் பாப்பாயி. நன்றாக இருக்கிறாள் என்றதும், "அப்ப நீ எதுக்கு மறுபடி வந்த?" என்றாள். நடக்கத்தான் என்று சொல்லிவிட்டு, பஸ்ஸில் கால் வைத்த இடத்தைப் பார்த்துக்கொண்டு, சரியாக அங்கிருந்தே நடக்க ஆரம்பித்தாள் லூர்துராணி.

அந்த நடையில் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. வெயில் அடித்தது. கெண்டைக்கால் ஒரு தடவை இழுத்தது. நின்று, நீவிவிட்டுக்கொண்டு, மறுபடி நடந்தாள். வலது பக்கம் காவேரி வந்துகொண்டே இருந்தது. படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி, எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள், கல்லணை என்றதும், பஸ் இருக்கிறதே என்றாள். கிளிக்கூடு வந்தது. பஸ் ஜன்னலில் பார்த்த அதே செங்கல் சூளை வந்தது. இவ்வளவுதானா இந்தத் தூரம் என்று அவளுக்குத் தோன்றியது. பஸ்ஸில் போனபோது எதையோ பறிகொடுத்த மாதிரி இருந்ததே, இதையா?

சூளையைத் தாண்டும்போதுதான் அது உறைத்தது. லூர்துராணி நடுரோட்டில் நின்றுவிட்டாள். பின்னால் பைக்கில் வந்தவன் ஒடித்துத் திருப்பிக்கொண்டு என்னவோ திட்டிவிட்டுப் போனான். அவள் காதில் விழவில்லை.

அம்மாப்பேட்டையும் அங்கேயேதானே இருக்கிறது! நீடாமங்கலமும் அங்கேயேதானே இருக்கிறது! தஞ்சாவூர் போய் பஸ் மாறினால் அம்மாப்பேட்டை. எந்த நாளில் வேண்டுமானாலும் போய் இறங்கி, அவளைத் தூக்கி வேனில் வைத்தார்களே, அந்த இடத்திலிருந்து நீடாமங்கலத்துக்கு நடந்திருக்கலாம். பாக்கி இருந்தது அந்த ஒரு துண்டு வழிதான். மற்றதெல்லாம் நடந்தாயிற்று. மாதா என்ன, கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டா உட்கார்ந்திருக்கிறாள், ஒரே மூச்சில்தான் நடக்க வேண்டும் என்று? பாதயாத்திரை என்றால் குழு, கொடி, விசில், செப்டம்பர் திருவிழா என்றே நினைத்துப் பழகிவிட்டது. வருடம் முழுக்க அந்த ரோடு சும்மாதான் கிடந்திருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்களில் ஒரு நாளை எடுத்திருந்தால் போதுமே. மடச்சி, அசட்டு மடச்சி என்று வாய்விட்டே சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்தது, அதையும் யாரும் பார்க்க ஆளில்லாத ரோட்டில் நன்றாக அழுது தீர்த்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தாள்.

கல்லணைக்கு அவள் வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. கொள்ளிடக் கரையில் வந்தவர்களும் வந்துசேர்ந்து, புல்லில் காலை நீட்டிக்கொண்டு மீன் வறுவல் தின்றுகொண்டிருந்தார்கள். தூரத்தில் அவளைப் பார்த்ததும் இன்னாசிராஜ் எழுந்து விசிலை ஊதினான். எல்லோரும் கை தட்டினார்கள். வேன் அக்கா என்று யாரும் கத்தவில்லை.

"எல்லாரும் கேட்டுக்கங்க" என்றான் அவன். "இது வெச்சுக்கிறது இல்ல. அக்கா நெசமாவே நடந்து முடிச்சுட்டாங்க. வேளாங்கண்ணிக்கு நடக்குற ஆளு. நான் சொல்றேன்."

லூர்துராணி அவனைத் தாண்டிப் போய் ஷரீபாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஷரீபா முகத்தில் ரத்தம் வந்திருந்தது. "மயக்கம் கியக்கம் இருக்கா?" என்று கழுத்தில் கைவைத்துப் பார்த்தாள். இல்லை என்ற பிறகு கேட்டாள்: "செவ்வாக்கிழமை ஒனக்கு ஏதாவது வேலை இருக்கா?"

"இல்லையே. ஏன்க்கா?"

"அம்மாப்பேட்டை வரைக்கும் பஸ்ல போறோம். அங்கேர்ந்து நீடாமங்கலம் நான் நடக்கணும். போன வருஷம் விட்டுப்போனது. நீ நடக்க வேணாம், பஸ்ல போய் அங்க ஒக்காந்திரு."

ஷரீபா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இவ்வளவுதானா? இதுக்கா ஒரு வருஷமா அழுதீங்க? எவன்க்கா ஒங்களப் போகக் கூடாதுன்னு தடுத்தான்?"

"எவனும் தடுக்கல. நான்தான் எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டே நின்னேன்."

"அதெல்லாம் பஸ்ல போக முடியாது, கூடத்தான் நடப்பேன். வயிறு நெறய தின்னுட்டு வரேன், போதுமா? கையிலயும் கட்டி எடுத்துட்டு வரேன்" என்றாள் ஷரீபா. அத்தோடு அந்தப் பேச்சு அவளுக்கு முடிந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் தட்டிலிருந்து ஒரு மீன் துண்டை எடுத்து லூர்துராணி கையில் வைத்தாள்.

இன்னாசிராஜுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தான் கொடுத்த இடத்துக்கு ஒரு நன்றிகூட வரவில்லை என்ற வருத்தமும் இருந்தது. "அப்ப இந்த வருஷம் எங்களோட வேளாங்கண்ணிக்கு வரமாட்டீங்களாக்கா?" என்றான்.

"ஏன் வராம? கண்டிப்பா வருவேன்" என்றாள் லூர்துராணி, மீனில் முள்ளைப் பார்த்து எடுத்துக்கொண்டே. "முடியற வரைக்கும் நடப்பேன். முடியலேன்னா வேன்ல ஏறுவேன். அதுக்கு நீ விசில் ஊதக்கூடாது. ஏறுன எடத்த மட்டும் நான் ஞாபகம் வெச்சுக்குவேன்."